சொலிசிட்டர் போனை எடுக்கல, நானும் ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டேன்

இங்கிலாந்துல வேலை பாக்குற இடத்துல அடிபட்டு காம்பன்சேஷன் கேஸ் போட்டவங்க, போடலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்க, நேரம் இருந்தா இதைப் படிங்க. கொஞ்சம் நீளமாத்தான் போகும். இதை யாராச்சும் எனக்கு அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாயிருக்கும், பாதி ராத்திரித் தூக்கமும் மிச்சமாயிருக்கும்.

2021 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட். நார்த்தாம்ப்டன் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல பிக்கிங் வேலை, அதாவது ஆர்டருக்குப் பொருளை எடுத்து வைக்கிறது. நான் ஒரு பெட்டியை எடுக்கக் குனிஞ்சு நிக்கிறேன், பின்னாடி திருப்பத்துல வந்த எலக்ட்ரிக் பேலட் ட்ரக் பிரேக் பிடிக்காம நேரா வந்து என் வலது கணுக்கால்ல ஏறிடுச்சு. அந்த வண்டி பிரேக் சரியில்லன்னு அதுக்கு முந்தின வாரமே ரெண்டு பேர் சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருந்தாங்க. எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு, அப்புறம் ஊன்றுகோல், மொத்தம் பதினோரு வாரம் வீட்ல. கம்பெனி கொடுத்தது வெறும் சட்டப்படியான சிக் பே, அந்த வருஷம் வாரத்துக்கு 96.35 பவுண்டு. என் கைக்கு வாரம் 410 கிட்ட வந்துட்டு இருந்த இடம். மனைவி நர்ஸ், அவங்க சம்பளத்துல வாடகை, நர்சரி ஃபீஸ் போயிடும், மீதி எல்லாம் நான்தான். அந்த பதினோரு வாரத்துல கிரெடிட் கார்டுல 1,800 பவுண்டு ஏறிடுச்சு.

கேஸ் போடவே முதல்ல பயம். நான் டிபெண்டன்ட் விசாவுல, அதாவது மனைவியோட விசாவைச் சார்ந்து இருக்கேன், கம்பெனி மேல கேஸ் போட்டா விசாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு. இங்க அதை மட்டும் தெளிவா சொல்லிடுறேன், அடிபட்டதுக்கு வாங்குற நஷ்ட ஈடு பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது நம்ம மாதிரி விசாவுல இருக்கிறவங்க வாங்கக் கூடாத அரசாங்க உதவித்தொகை, அந்தக் கணக்குல வராது, சிக் பேயும் வராது. கொடுக்கப் போறதும் முதலாளி பாக்கெட்ல இருந்து இல்ல, அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி. 1969 சட்டப்படி இங்க முதலாளிங்க அந்த இன்சூரன்ஸ் கட்டாயம் எடுத்து வெச்சிருக்கணும். இது தெரியாம நான் ரெண்டு மாசம் சும்மா உக்காந்திருந்தேன்.

2022 ஜனவரில ஆன்லைன்ல ஒரு விளம்பரம் பாத்து நம்பர் கொடுத்தேன். பத்து நிமிஷத்துல போன். நோ வின் நோ ஃபீ, ஜெயிச்சா 25 சதவீதம் வரைக்கும் எங்களுக்கு, தோத்தா நீங்க எதுவும் தர வேணாம்னு அழகா பேசினாங்க. முப்பது பக்க அக்ரிமென்ட் போன்லயே வந்துச்சு, விரலால கையெழுத்து போட்டேன். படிக்கல. உண்மையைச் சொல்றேன், ஒரு வரி கூட படிக்கல. அந்தக் கட்டுக்குள்ளயே கிளையன்ட் கேர் லெட்டர்னு ஒண்ணு இருந்துச்சு. என் கேஸை யார் பாக்குறாங்க, அவர் என்ன பதவி, அவருக்கு மேல யார், கம்ப்ளைன்ட் பண்ணணும்னா யாருக்கு எழுதணும், எல்லாம் அதுலதான் இருக்கு. நான் அதைத் தொறந்து பாத்தது ரெண்டேகால் வருஷம் கழிச்சு. நீங்க கையெழுத்து போட்டிருந்தா இன்னிக்கு ராத்திரியே அதைத் தேடி எடுத்துப் படிங்க, முக்கியமா பாதியில நீங்களே கேஸை வேற ஆபீசுக்கு மாத்தினா என்ன ஆகும்னு ஒரு பாரா இருக்கும், அதை.

முதல் மூணு மாசம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு பையன் பேசுவார், இருபத்தஞ்சு வயசு இருக்கும், பொறுமையா கேப்பார். பே ஸ்லிப், ஹாஸ்பிடல் லெட்டர், கால் போட்டோ எல்லாம் அனுப்பினேன், வந்துச்சுன்னு பதில் போடுவார். நான் அவரை சொலிசிட்டர்னே, அதாவது முழு வக்கீல்னே நினைச்சுட்டு இருந்தேன். அவர் பாராலீகல், அதாவது இன்னும் சொலிசிட்டர் ஆகாதவர். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, இந்த மாதிரி கேஸ் நிறைய அவங்கதான் பாக்குறாங்க, ஆனா மேல ஒருத்தர் மேற்பார்வை பாக்கணும், அந்த மேல இருக்கிறவர் பேர் நமக்குத் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா 2022 ஜூன்ல இந்தப் பையன் வேலையை விட்டுட்டார். எனக்கு யாரும் சொல்லல. நான் போட்ட மெயில் திரும்பி வந்தப்பதான் தெரிஞ்சுது.

அங்க இருந்து ஆரம்பிச்சுது. ரிசப்ஷன்ல ஒரு அம்மா எடுப்பாங்க, "ஃபைல் ரிவ்யூல இருக்கு, கூப்பிடச் சொல்றேன்"னு சொல்லுவாங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க. செப்டம்பர்ல வேற ஒருத்தர் வந்தார், ரெண்டு மெயில் போட்டார், அவரும் காணாம போயிட்டார். 2023 மார்ச்ல திடீர்னு ஒரு லெட்டர், லெஸ்டர்ல ஒரு எலும்பு டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு. போனேன், பதினஞ்சு நிமிஷம் பாத்தார். சரி, கேஸ் நகருதுன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் மறுபடியும் நிசப்தம். ஆகஸ்ட்ல ஒரே ஒரு வரி மெயில், உரிய நேரத்தில் தகவல் தெரிவிப்போம்னு. அந்த உரிய நேரம் வரவே இல்ல.

இந்த இடத்துல என் தப்பையும் சொல்லணும். நமக்கு வக்கீல்னா ஒரு பயம் கலந்த மரியாதை, ஊர்ல வக்கீல் ஆபீஸ் திண்ணையில அப்பா கூட உக்காந்திருந்த ஞாபகம், சார் கூப்பிடுற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. அதே புத்தி இங்கயும். ரொம்பத் தொல்லை பண்ணா கோவிச்சுக்கிட்டு கேஸைக் கெடுத்துடுவாரோ, அவங்க ஃப்ரீயாத்தானே பாக்குறாங்க, நாம என்ன காசா கொடுத்தோம்னு. மனைவி பத்து தடவை சொல்லிட்டாங்க, "என்னங்க, ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க, இப்படி போன் பண்ணிட்டே இருந்தா என்ன ஆகும்"னு. நான் கேக்கல. மதிய பிரேக்ல கூப்பிடுவேன், ஹோல்டுல அந்த மியூசிக் கேட்டுட்டே சாப்பாடு ஆறிப் போயிடும், கடைசில "சொல்றேன்"னு வெச்சுடுவாங்க. ஃப்ரீ எல்லாம் இல்லீங்க. நமக்கு வரப் போற காசுல 25 சதவீதம் எடுக்கப் போறாங்க, நாம காசு கொடுக்கிற கிளையன்ட், பில் மட்டும் கடைசில வருது, அவ்வளவுதான்.

போன்ல பேசினதுக்கு நம்ம கையில ஒரு ஆதாரமும் கிடையாது, அதுதான் அதைவிடப் பெரிய தப்பு. பின்னாடி கம்ப்ளைன்ட் பண்ணும்போது என் போன் பில்லைத் தோண்டி எந்தத் தேதில எத்தனை நிமிஷம்னு எடுக்க வேண்டியதாப் போச்சு. இப்ப என்கிட்ட யாராச்சும் கேட்டா நான் சொல்றது, போன் பண்ணுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா வெச்ச உடனே ஒரு மெயில் போடுங்க. இன்னிக்கு 11.20க்குக் கூப்பிட்டேன், இன்னார் எடுத்தாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரும்னு சொன்னாங்க, அவ்வளவு போதும், மூணு வரி. சப்ஜெக்ட்ல ரெஃபரன்ஸ் நம்பர், உங்க பேர், அடிபட்ட தேதி. கேள்வி கேக்கும்போது "என் கேஸ் என்னாச்சு"ன்னு கேக்காதீங்க, அதுக்கு "போயிட்டு இருக்கு"ன்னு ஈசியா பதில் சொல்லிடுவாங்க. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் தப்பை ஒத்துக்கிட்டாங்களா இல்லையா, அவங்ககிட்ட இருந்து கடைசியா என்ன வந்துச்சு எந்தத் தேதில, அடுத்து யார் என்ன பண்ணணும் எப்பக்குள்ள, என் லிமிட்டேஷன் தேதி என்ன. இந்த நாலும் கேட்டா போயிட்டு இருக்குன்னு சொல்ல முடியாது.

லிமிட்டேஷன், அந்த வார்த்தையே எனக்கு 2024 ஏப்ரல் வரைக்கும் தெரியாது. வேலையில கூட இருக்கிற ஒரு அண்ணன், யூனியன்ல இருக்கிறவர், சும்மா பேச்சுவாக்குல கேட்டார், "தம்பி, உனக்கு அடிபட்டு எவ்வளவு நாள் ஆச்சு? மூணு வருஷம் தாண்டிடப் போகுது, பாத்துக்க"ன்னு. என்ன அண்ணா மூணு வருஷம்னு கேட்டேன். 1980 லிமிட்டேஷன் சட்டப்படி, உடம்புல அடிபட்ட கேஸை அடிபட்ட தேதியில இருந்து மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்ல போட்டாகணும். வேலையால வந்த வியாதி மாதிரி பின்னாடி தெரிய வர்றதுன்னா தெரிஞ்ச தேதில இருந்து, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்களுக்கு பதினெட்டு முடிஞ்சதுல இருந்து கணக்கு. அதைத் தாண்டினா ஜட்ஜ் இரக்கப்பட்டு விட்டா உண்டு, இல்லன்னா அவ்வளவுதான். சொலிசிட்டர்கிட்ட கேஸ் கொடுத்துட்டோம்ங்கிறதால அந்தக் கடிகாரம் நிக்காது, எதிர்த்தரப்பு ஆமா எங்க தப்புதான்னு லெட்டர் போட்டுட்டாக் கூட நிக்காது. என் தேதி 2024 நவம்பர் 12. அன்னிக்கு பஸ்ல வீட்டுக்கு வரும்போது கணக்கு போட்டேன், ஏழு மாசம் கூட இல்ல. அந்த வாரம் முழுக்க தூங்கல.

சரி, மே மாசம் கம்ப்ளைன்ட் எழுதினேன். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நான் அதுக்கு முன்னாடி போட்ட மெயில்ல எல்லாம் வருத்தமா இருக்கு, தயவுசெஞ்சு பதில் போடுங்கன்னு எழுதியிருந்தேன், அதை எல்லாம் அவங்க விசாரிப்புன்னு ஓரமா வெச்சுட்டாங்க. சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு இலவசமா ஆலோசனை சொல்ற அமைப்புல ஒரு அம்மாதான் சொன்னாங்க, இது ஃபார்மல் கம்ப்ளைன்ட்னு தலைப்புலயே எழுது, கேஸ் பாக்குறவருக்கு அனுப்பாத, கிளையன்ட் கேர் லெட்டர்ல போட்டிருக்கிற ஆளுக்கு அனுப்புன்னு. அனுப்பின தேதில இருந்து எட்டு வாரம் அவங்களுக்கு டைம். அதுக்குள்ள சரியான பதில் வரலன்னாலோ, வந்த பதில் நமக்குத் திருப்தி இல்லன்னாலோ, வக்கீல்கள் மேல வர்ற புகாரை விசாரிக்கிற லீகல் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், நமக்கு ஒரு காசு செலவு கிடையாது. நேரா அங்க போனா முதல்ல ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் பண்ணியான்னுதான் கேப்பாங்க. திட்டி எழுதாதீங்க, ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதீங்க. தேதி போட்டு, என்ன நடந்துச்சு, என்ன நடக்கல, அதால எனக்கு என்ன நஷ்டம், இப்ப என்ன வேணும். நான் முதல்ல ஆறு பக்கம் ஆவேசமா எழுதினேன், மனைவி படிச்சுட்டு "இதை நீங்களே முழுசாப் படிக்க மாட்டீங்க"ன்னு சொன்னாங்க. மூணு மணி நேரம் உக்காந்து ரெண்டு பக்கமாக் கொறச்சோம்.

கம்ப்ளைன்ட் போட்ட நாலாவது நாள் போன் வந்துச்சு! ரெண்டு வருஷமா நான் கூப்பிட்டப்ப இல்லாத ஆளுங்க எல்லாம் திடீர்னு ஆபீஸ்ல இருந்தாங்க. ஒரு சூப்பர்வைசர், இனிமே நானே பாத்துக்கிறேன், கவலைப்படாதீங்கன்னார். நான் நம்பிட்டேன், சொல்லப்போனா கம்ப்ளைன்ட்ட வாபஸ் வாங்கிடலாமான்னு கூட யோசிச்சேன். வாங்கல, நல்ல வேளை. ஜூன் முழுக்க அவர்கிட்ட இருந்தும் ஒண்ணும் வரல. ஜூலைல ஃபைனல் ரெஸ்பான்ஸ்னு ஒரு லெட்டர், தாமதத்துக்கு மன்னிக்கவும், நல்லெண்ணத்துக்கு 150 பவுண்டு. அந்த லெட்டர் தேதியைக் குறிச்சு வெச்சுக்கணும், அங்க இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஆம்பட்ஸ்மேன்கிட்ட போயிடணும். இன்னொரு கெடுவும் இருக்கு, 2023 ஏப்ரல்ல இருந்து, பிரச்சனை நடந்து அல்லது நமக்குத் தெரிய வந்து ஒரு வருஷத்துக்குள்ள அவங்ககிட்ட போகணும்னு மாத்திட்டாங்க. இதுலதான் நான் மாட்டினேன், 2022ல நடந்த சில விஷயத்தை லேட்டுன்னு தள்ளிட்டாங்க. பொறுமையா இருந்ததுக்குக் கிடைச்ச பரிசு.

ஜூன்ல இன்னொரு வேலையும் பண்ணியிருந்தேன், இந்த மொத்தக் கதையில நான் உருப்படியாப் பண்ணது அது ஒண்ணுதான். சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டேட்டா புரொடக்‌ஷன் சட்டப்படி என்னைப் பத்தி நீங்க வெச்சிருக்கிற தகவல் எல்லாத்தையும் கொடுங்கன்னு எந்த ஆபீஸ்லயும் கேக்கலாம், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கணும், காசு கேக்கக் கூடாது. மூணு வரி மெயில்தான் போட்டேன். ஜூலைல 212 பக்கம் பிடிஎஃப்பா வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில காப்பியோட உக்காந்தவன் சாயந்திரம் வரைக்கும் எந்திரிக்கல.

2022 மே மாசமே இன்சூரன்ஸ் கம்பெனி தப்பை ஒத்துக்கிட்டு பதில் போட்டிருக்கு. ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் முன்னாடி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தப்பை ஒத்துக்கிட்டா, இந்த மாதிரி சின்ன கேஸ் போற ஆன்லைன் போர்ட்டல் விதிப்படி, மெடிக்கல் ரிப்போர்ட் வந்ததும் மொத்தத் தொகைக்குக் காத்திருக்காம முன்கூட்டியே 1,000 பவுண்டு இன்டெரிமாக் கேக்கலாம். ரிப்போர்ட்டும் 2023 ஏப்ரல்லயே வந்து அவங்க இன்பாக்ஸ்ல கெடந்திருக்கு. நான் கிரெடிட் கார்டுக்கு வட்டி கட்டிட்டு, ஃபிசியோவுக்கு தடவைக்கு 45 பவுண்டுன்னு ஆறு தடவை 270 பவுண்டு நண்பன்கிட்ட கைமாத்து வாங்கிக் கொடுத்துட்டு இருந்தேன், கேட்டிருந்தா 1,000 பவுண்டு வந்திருக்கும். அந்த ரிப்போர்ட்டைத் தொறந்து பாத்தா இடது கணுக்கால்னு எழுதியிருக்கு. எனக்கு அடிபட்டது வலது கால். ரிப்போர்ட்டை இன்சூரன்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நம்மகிட்ட காட்டி எல்லாம் சரியான்னு கேக்கணும், அதுவே நடக்கல. அனுப்பாம இருந்ததும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சுன்னு வெச்சுக்கணும். அப்புறம் ஒரு நோட், 2023 நவம்பர், "கிளையன்ட்கிட்ட பே ஸ்லிப் கேட்டு நிலுவையில் உள்ளது". அந்த பே ஸ்லிப் அதே ஃபைல்ல முப்பத்தி ஏழாவது பக்கத்துல இருக்கு, 2022 பிப்ரவரில நான் அனுப்பினது. என் ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி குறிப்பு இருந்துச்சு, "கிளையன்ட் அழைத்தார். பதற்றமாக இருந்தார்." பதினாலு தடவை பதற்றமா இருந்திருக்கேன். அதை மட்டும் ஒழுங்கா எழுதி வெச்சிருக்காங்க.

கோபத்துல அன்னிக்கே மெயில் போட்டு உங்க சங்காத்தமே வேணாம்னு சொல்ல இருந்தேன். பண்ணிடாதீங்க. புது ஆள் கெடைக்கிறதுக்கு முன்னாடி பழைய ஆளை விட்டா நடுத்தெருவுல நிப்போம், அதுலயும் அக்ரிமென்ட்டப் பொறுத்து, நாமளா விலகினா அதுவரைக்கும் செஞ்ச வேலைக்கு நம்ம தலையில பில் வரலாம். புது சொலிசிட்டர் தேடினேன். எஸ்.ஆர்.ஏ, அதாவது சொலிசிட்டர்களைக் கட்டுப்படுத்துற அமைப்பு, அவங்க வெப்சைட்ல ரெஜிஸ்டர் இருக்கு, பேரைப் போட்டா நெஜமாவே சொலிசிட்டரா, எந்த ஆபீஸ், ஏதாச்சும் நடவடிக்கை இருக்கான்னு பாக்கலாம். ஆகஸ்ட்ல நாலு ஆபீஸ் வேணாம்னுட்டாங்க. கேஸ் மோசம்னு இல்ல, லிமிட்டேஷனுக்கு மூணு மாசம்தான் இருக்கு, அடுத்தவன் குளறுபடியை நாங்க தலையில கட்டிக்கிட்டு தேதி தவறினா எங்க மேல வரும்னு வெளிப்படையாவே சொன்னாங்க. அதனால மாத்தணும்னு தோணுச்சுன்னா சீக்கிரம் மாத்துங்க, ஒரு வருஷமாச்சும் பாக்கி இருக்கும்போது. அஞ்சாவதா ஒரு மேடம் எடுத்துக்கிட்டாங்க. அவங்க ஒத்துக்கிட்டதுக்குக் காரணமே அந்த 212 பக்கம் என் கையில இருந்ததுதான், தப்பை ஒத்துக்கிட்ட லெட்டரைப் பாத்ததும் சரின்னாங்க.

இந்தத் தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டேன். வாட் வரி, கேஸ் தோத்தா வர்ற செலவுக்காக எடுக்கிற இன்சூரன்சோட ப்ரீமியம் எல்லாம் சேத்து 25 சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது, பழைய ஆபீஸ் ஃபீஸ் என் பங்குல இருந்து போகக் கூடாது, ரெண்டையும் எழுத்துல வாங்கினேன். பழைய ஆபீஸ்ல இருந்து ஒரிஜினல் ஃபைல் வர ஆறு வாரம் ஆச்சு, அவங்க ஃபீசுக்கு உத்தரவாதம் கொடுக்காம விட மாட்டாங்க, ரெண்டு ஆபீசும் அவங்களுக்குள்ள கடிதம் போட்டு முடிச்சுக்கிட்டாங்க. அக்டோபர் 21, கோர்ட்ல கேஸ் பதிவாச்சு, இருபத்திரண்டு நாள் பாக்கி இருந்துச்சு. கோர்ட் ஃபீ கேஸ் மதிப்புல 5 சதவீதம், 15,000 பவுண்டு வரைக்கும்னு போட்டதால 750, அதை மேடம் ஆபீஸே கட்டினாங்க. பதிவு பண்ணிட்டா அதை எதிர்த்தரப்புக்கு சேர்க்க நாலு மாசம் டைம், அந்த நேரத்துல மேடம் புது மெடிக்கல் ரிப்போர்ட் வாங்கினாங்க, வலது கால்னு போட்டு. அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டினாங்க, நான் ரெண்டு தேதி திருத்தினேன்.

2025 ஜூன்ல 14,200 பவுண்டுக்கு முடிஞ்சுது. அதுல போன சம்பளம், ஃபிசியோ, டாக்ஸி எல்லாம் அடக்கம். 3,550 அவங்க எடுத்துக்கிட்டு 10,650 என் அக்கவுண்ட்ல வந்துச்சு. ஒழுங்கா நடந்திருந்தா 2023 முடியுறதுக்குள்ள வந்திருக்க வேண்டிய காசு. ஆம்பட்ஸ்மேன்கிட்ட செப்டம்பர் 2024ல போட்டது, அதுவும் மாசக்கணக்கா வரிசையில நின்னு, கடைசில பழைய ஆபீஸ் 400 பவுண்டு கொடுத்து மன்னிப்பும் எழுதிக் கொடுத்தாங்க. ஆம்பட்ஸ்மேன் 50,000 பவுண்டு வரைக்கும் உத்தரவு போட முடியும்னு கேட்டு நான் பெருசா எதிர்பாத்தேன், ஆனா கேஸ் தப்பிச்சுடுச்சுல்ல, அப்ப மிச்சம் இருக்கிறது தாமதமும் மன உளைச்சலும்தான், அதுக்கு இவ்வளவுதான் வரும். தேதி தவறிப் போயிருந்தா அது வேற விஷயம், அந்த சொலிசிட்டர் மேலயே அலட்சியத்துக்கு கேஸ் போடணும், அவங்களும் இன்சூரன்ஸ் வெச்சிருப்பாங்க, ஆனா அதுக்கு இன்னொரு சொலிசிட்டரைத் தேடி இன்னும் சில வருஷம். ஒரு தகவல், ஆம்பட்ஸ்மேன் பாக்குறது சேவைக் குறைபாட்டை, காசு கையாடல், பொய், ஏமாத்து மாதிரி இருந்தா அது எஸ்.ஆர்.ஏ. நான் சொன்னது எல்லாம் இங்கிலாந்து, வேல்சுக்கு. ஸ்காட்லாந்துல கம்ப்ளைன்ட் பாக்குற அமைப்பே வேற.

அப்புறம் அந்த முதல் பையன். அவர் மேல எனக்கு ரெண்டு வருஷம் கோபம் இருந்துச்சு, சொல்லாமக் கொள்ளாம போயிட்டாரேன்னு. ஃபைல்ல நூத்தி நாலாவது பக்கத்துல அவர் வேலையை விட்ட கடைசி நாள் எழுதின குறிப்பு இருந்துச்சு. அடுத்து பாக்குறவருக்கு, "தப்பை ஒத்துக்கிட்டாங்க, கிளையன்ட்டுக்கு உடனே தெரியப்படுத்தவும், பணக் கஷ்டத்தில் இருக்கிறார், ரிப்போர்ட் வந்ததும் இன்டெரிம் கேட்கவும், லிமிட்டேஷன் 12 நவம்பர் 2024". எல்லாமே இருக்கு அதுல. அதுக்குக் கீழ படிச்சதுக்கு அடையாளமா யாரோட இனிஷியலும் இல்ல. போன மாசம் சும்மா எஸ்.ஆர்.ஏ ரெஜிஸ்டர்ல அவர் பேரைத் தட்டிப் பாத்தேன். இப்ப சொலிசிட்டர் ஆயிட்டார், வேற ஊர்ல, வேற ஆபீஸ்ல.